காலியாக விட்ட காட்சி

அந்தக் காட்சியை அவன் காலியாகத்தான் விட்டிருந்தான். நாவல் எழுதும் மென்பொருளில் திரையின் இடது ஓரமாக அத்தியாயங்கள் வரிசையாக இறங்கும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே அதன் காட்சிகள். ஒவ்வொரு காட்சியின் தலைப்புக்குப் பக்கத்திலும் நகத்தளவில் ஒரு தாளின் படம். எதுவும் எழுதாத காட்சி என்றால் அது வெறும் வெள்ளைத் தாள். ஒரு எழுத்தைத் தட்டினால் போதும், தாளில் கோடுகள் வந்துவிடும். மதியம் சாப்பிட எழுந்து போனபோது 'உள்ளே' என்ற காட்சி வெள்ளையாக இருந்தது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் கோடுகள்.

திறந்தான். ஒரே ஒரு வரி இருந்தது.

'பொடியா, லைட்டைப் போடுடா.'

முதலில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. தன் மெஷினில் கை வைத்தது யார் என்று அறையில் இருந்தபடியே கத்தினான். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னாள்: மகள் குட்டி பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கிறாள், தனக்கோ அவன் குகைக்குள் நுழைய நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. அவள் சொன்னது நியாயம்தான். அதோடு, அந்தப் பெயர் அவளுக்கும் தெரியாது, குட்டிக்கும் தெரியாது. அவனைப் பொடியன் என்று கூப்பிட்டது உலகத்தில் ஒரே ஒருத்தி. வெட்கப்பட்டுக்கொண்டு அந்தப் பெயரை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

வரியை அழித்தான். தாள் மறுபடி வெள்ளையானது. தூக்கக் கலக்கத்தில் தானே எதையாவது தட்டியிருப்போம் என்று சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொள்வதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

நாலு பேருக்கு நாவல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறவன் அவன். வகுப்பில் முதல் பாடமே இதுதான்: உண்மையில் நடந்ததை முதலில் எழுதுங்கள். அந்த இடத்தில் இருந்த ஒவ்வொருவரின் கண் வழியாகவும் ஒரு காட்சி. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிறம் கொடுங்கள். அதற்குப் பிறகு பொய்யை எழுதுங்கள், உண்மையின் மேலே நிற்க வைத்தால்தான் பொய் ஆடாமல் நிற்கும். எல்லாம் முடிந்ததும், வெளியே தெரியக்கூடாத காட்சிகளுக்குப் பக்கத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். டிக் போன காட்சி வரிசையில் சாம்பல் நிறமாகக் கிடக்கும். புத்தகம் ஆக்கும்போது அதில் சேராது. அழிந்துவிடவும் செய்யாது. வீடு கட்டி முடித்ததும் சாரத்தைப் பிரிப்பதில்லையா, அந்த மாதிரி என்று சிரிப்பான். பிள்ளைகள் பக்தியோடு குறித்துக்கொள்வார்கள்.

இந்த நாவலையும் அப்படித்தான் கட்டியிருந்தான். தாய் இல்லாத தம்பியைத் துணி தைத்துப் படிக்கவைத்த ஒரு அக்கா. அவளைக் கண்ணுக்குள் வைத்துத் தாங்கிய தம்பி. கடைசி அத்தியாயத்தில் தம்பியின் மடியில் தலை வைத்து அக்கா கண்ணை மூடுவாள். பதிப்பகத்தில் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் எடிட்டரம்மா அதைப் படித்துவிட்டு ஃபோனிலேயே அழுதார். இப்படி ஒரு தம்பி கிடைக்க அந்த அக்கா கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். அவன் அடக்கமாக, எல்லாம் உங்கள் ஆசி என்றான். மறுநாள் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். இருபது வருஷமாக எழுதுகிறவனுக்கு இதுதான் பெரிய புத்தகம், இதைவிட்டால் வேறு இல்லை என்று அவனுக்கே தெரியும்.

நடந்தது வேறு. அது சாம்பல் நிறத்தில் 'தாழ்ப்பாள்' என்ற தலைப்பின் கீழே கிடந்தது.

அவன் கல்யாணத்துக்கு முன்பு, முதல் புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தபோது, பதிப்பாளரும் பெரிய மனிதர்கள் சிலரும் வீட்டுக்கு வருவதாக இருந்தது. அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. கேட்கிறவர்களிடம் எல்லாம், இதெல்லாம் இவன் தூங்குவதற்காக நான் சொன்ன கதைகள்தான், அப்படியே எழுதிவிட்டான் பாருங்கள் என்பாள். குற்றம் சொல்லவில்லை, பெருமைதான் பட்டாள். ஆனால் அது உண்மையாக இருந்தது. அந்தப் புத்தகத்தில் அவனுடையது என்று சொல்ல அட்டையில் இருந்த பெயர் மட்டும்தான். அதனால் விருந்தாளிகளின் கார் தெருவில் திரும்பியபோது, பின்பக்கத்துச் சாமான் அறையிலிருந்து ஒரு மடக்கு நாற்காலி எடுத்து வரும்படி அவளை அனுப்பினான். அவள் உள்ளே போனதும் வெளித் தாழ்ப்பாளைப் போட்டான். கொஞ்ச நேரம்தான்க்கா, சத்தம் போடாதே என்றான். அந்த அறையின் விளக்கு ஸ்விட்சும் வெளிச் சுவரில்தான் இருந்தது. அதை அவன் போடவில்லை.

அக்கா முதலில் சிரித்தாள். தம்பி விளையாடுகிறான் என்று நினைத்துக்கொண்டாள், பாவி. பிறகு தட்டினாள். அவளுக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. தூசி பட்டால் நெஞ்சு விசில் அடிக்கும். மூச்சுக்கு அடிக்கும் பம்ப் சாப்பாட்டு மேசை மேல் இருந்தது. அவன் அதைப் பார்த்தான். விருந்தாளி ஒருவர் டீ கப்பை வைக்க இடம் வேண்டுமென்று அதை ஓரமாக நகர்த்தி வைத்ததையும் பார்த்தான். என்ன சத்தம் என்று ஒருவர் கேட்டார். பக்கத்து வீட்டில் ஆசாரி வேலை என்று சொல்லிவிட்டு டிவியின் சத்தத்தைக் கூட்டினான். தட்டுவது குறைந்தது, நின்றது. நிம்மதியாக இருந்தது அவனுக்கு. எல்லாரையும் கார் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்துதான் கதவைத் திறந்தான். தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் கிடத்தி, போர்வையை இழுத்துவிட்டு, தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று அழுதான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏழைத் தையல்காரியின் சாவில் கேட்க என்ன இருக்கிறது?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன், அதோடு விட்டிருக்கலாம். அந்தச் சாமான் அறையையே தன் எழுத்து அறையாக மாற்றிக்கொண்டான். வீட்டிலேயே சத்தம் குறைந்த இடம் அதுதானாம். ஸ்விட்சை உள்ளே கொண்டுவந்தான். வெளியே பழைய ஓட்டையை ஒரு தகடு வைத்து அடைத்தான். வெளித் தாழ்ப்பாளை மட்டும் கழற்றவில்லை. மூன்று தடவை பெயின்ட் அடித்ததில் அது கதவோடு கதவாக ஒட்டிப்போய், அப்படி ஒன்று இருப்பதே கண்ணுக்குத் தெரியாமல் ஆகிவிட்டது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

அன்று நடந்ததை வகுப்பில் சொன்ன முறைப்படியே எழுதினான். தன் கண் வழியாக ஒன்று, பதிப்பாளர் கண் வழியாக ஒன்று, டீ கப் வைத்தவர் கண் வழியாக ஒன்று. நன்றாகவே எழுதியிருந்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் முறைப்படி இன்னொரு காட்சி வேண்டியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி இருந்தாளே. புதுக் காட்சி ஒன்றைத் திறந்து, 'உள்ளே' என்று தலைப்பிட்டு, கண் என்ற இடத்தில் 'அக்கா' என்று போட்டு, அவளுக்கென்று வைத்திருந்த பச்சை நிறத்தையும் கொடுத்தான். அதோடு கை நின்றுவிட்டது. அப்படியே விட்டுவிட்டான். ஒருத்தியைக் கூப்பிட்டு நாற்காலியும் போட்டுவிட்டு, உட்காராதே என்றால் எப்படி?

மதியத்துக்கு மேல் வானம் மூடிக்கொண்டது. உயரத்தில் இருந்த சின்ன வென்டிலேட்டர் வழியாக விழும் வெளிச்சம் சுவரிலிருந்து மெல்ல வடிந்துபோக, மழைக்கு முந்தைய ஈரமும் மெஷினின் சூட்டில் வேகும் தூசியின் வாடையும் சேர்ந்து அந்த அறை பழைய சாமான் அறை மாதிரியே மணக்க ஆரம்பித்தது. அந்த மணத்துக்கு அடியில், முதலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல், பிறகு சந்தேகமே இல்லாமல், தைல வாடை வந்தது. அக்கா நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலம். தலையணை, ரவிக்கைத் துணி, அவனுக்கு ஊட்டிய கை, எல்லாவற்றிலும் இருந்த வாடை. அந்த வாடை வீட்டை விட்டுப் போகவேண்டுமென்று அவள் துணிமணிகளை எல்லாம் அவனே எரித்திருந்தான்.

வீட்டில் யாருக்கோ சளி என்று நினைத்தான். நினைத்துக்கொண்டே இடது ஓரத்தைப் பார்த்தான்.

'உள்ளே'யில் கோடுகள் இருந்தன. பக்கத்தில் டிக்கும் இருந்தது.

'பொடியா, லைட்டைப் போடுடா. பம்ப் மேசை மேல இருக்கு. எடுத்துக் குடுத்துட்டுப் போ. நான் பேசல. சத்தியமா வாயைத் திறக்க மாட்டேன்.'

டிக்கை எடுத்தான். சாம்பலாகி, அவன் கையை விலக்கியதும் பச்சையாகி, டிக்கோடு நின்றது. மறுபடி எடுத்தான். மறுபடி வந்தது. மெஷின் பழுது என்று வாய்விட்டுச் சொன்னான். தன் குரல் அந்தச் சின்ன அறையில் இரண்டு பேர் பேசுவது மாதிரி கேட்டதால் உடனே வாயை மூடிக்கொண்டான்.

அப்போது சாப்பாட்டு மேசையில் இருந்த ஃபோன் அடித்தது. தப்பித்தோம் என்று எழுந்து ஓடினான். குட்டி வந்துவிட்டிருந்தாள், மேசையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். ஃபோனில் எடிட்டரம்மா.

"சார், கொஞ்சம் முன்னாடி அனுப்பினீங்களே, 'உள்ளே'ன்னு ஒரு சீன். இப்பதான் படிச்சேன் சார்."

தான் எதையும் அனுப்பவில்லை என்றான். உங்கள் மெயிலிலிருந்துதான் வந்தது என்றார் அவர். அது தப்பாக வந்துவிட்டது, புத்தகத்தில் சேர்க்க வேண்டாம், அழித்துவிடுங்கள் என்று அவன் குழறினான்.

"சேர்க்காம எப்படி சார்? ஆனா பாதியில நிக்குது. அந்தத் தம்பியைச் சும்மா விட்டுடாதீங்க. அவன் கதவுக்கு வெளிய நிக்கிற வரைக்கும் கதை முடியாது."

ஃபோனை மேசை மேலேயே வைத்தான். முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது என்று மனைவி கேட்டதற்கு, ஒன்றுமில்லை, ஒரே ஒரு சின்ன வேலை, முடித்துவிட்டு வருகிறேன் என்றான். ராத்திரிச் சாப்பாடு ஆகப்போகிறது என்று சீக்கிரம் வரச் சொன்னாள். குட்டி நிமிர்ந்து, அப்பாமேல் ஏதோ மருந்து வாடை அடிக்கிறது என்றாள். அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவன் நெஞ்சு அடித்த அடியில் சட்டையே அசைந்தது.

அந்த நேரத்தில் அவன் வேறு எதையாவது செய்திருக்கலாம். மனைவியிடம் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். அக்கா என்று ஒரு தடவையாவது கூப்பிட்டிருக்கலாம். அவன் போனது அழிக்க.

அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் வரிசையைப் பார்த்தான். தம்பியின் கண் வழியாக எழுதிய காட்சிகளுக்கு எல்லாம் நீலம் கொடுத்திருந்தான். முதல் அத்தியாயத்தில் ஒரு நீலத்தைக்கூடக் காணோம். எல்லாம் பச்சை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது அத்தியாயம் மேலிருந்து கீழாக மாறியது. மூன்றாவது. சட்டென்று 'உள்ளே'யைப் பிடித்து இழுத்துக் குப்பையில் போட்டான். 'தாழ்ப்பாள்' காட்சிகளையும் அதிலேயே தள்ளினான். குப்பையைக் காலி செய்தான். நிச்சயமாகவா, திரும்பக் கிடைக்காதே என்று மென்பொருள் கேட்டது. ஆமாம் என்ற இடத்தை விரல் வலிக்க அழுத்தினான்.

போய்விட்டது. தைல வாடைகூடக் குறைந்த மாதிரி இருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான்.

வரிசையின் கடைசியில், மடியில் தலை வைத்துச் சாகும் காட்சிக்கும் கீழே, ஒரு தாள் இருந்தது. கோடு போட்ட தாள். பச்சை.

அவன் அதைத் தொடவில்லை. அது தானாகத் திறந்தது.

'என்னைக் குப்பையில் போட்டான். அதையும் காலி செய்தான். இப்போது சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான். கழுத்துக்குப் பின்னால் வேர்த்திருக்கிறது. சின்னப் பிள்ளையிலும் பயந்தால் அங்கேதான் வேர்க்கும்.'

கை தன்னால் கழுத்துக்குப் பின்னால் போனது. ஈரம்.

விளக்கு அணைந்தது.

கரண்ட் போகவில்லை. திரை எரிந்தது, கதவுக்கு அடியில் கூடத்து வெளிச்சம் கோடாகக் கிடந்தது. அணைவதற்கு முன் ஒரு 'டிக்' கேட்டிருந்தது. அவன் கைக்கு எட்டும் ஸ்விட்ச் அல்ல. வெளிச் சுவரில், தகடு வைத்து அடைத்த இடத்தில்.

பிறகு ஒரு சத்தம். காய்ந்த பெயின்ட் விரிசல் விடும் சத்தம். மெல்ல. பொறுமையாக. செதில் செதிலாகத் தரையில் உதிரும் சத்தம். அப்புறம் இரும்பு நகர்ந்தது. பல வருஷமாக நகராத இரும்பு.

கடக்.

பாய்ந்து போய்க் கதவைத் தள்ளினான். அசையவில்லை. தோளால் இடித்தான். தட்டினான். மனைவியைக் கூப்பிட்டான். குட்டியைக் கூப்பிட்டான். ஃபோனைத் தேடிச் சட்டைப் பையில் கை விட்டான். இல்லை. மேசை மேல். சாப்பாட்டு மேசை மேல்.

கதவுக்கு அந்தப் பக்கம் தட்டு வைக்கும் சத்தம். கரண்டி. தண்ணீர் ஊற்றும் சத்தம். எல்லாம் கேட்டது. அவ்வளவு பக்கத்தில். இரண்டு கைகளாலும் தட்டினான்.

"என்னம்மா சத்தம்?" குட்டியின் குரல்.

"பக்கத்து வீட்ல ஆசாரி வேலைடா. நீ சாப்பிடு."

அவன் கை அந்தரத்தில் நின்றது. அந்த வார்த்தைகளை அவனுக்குத் தெரியும். அவன் உண்டாக்கிய வார்த்தைகள். மனைவியிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

டிவியின் சத்தம் கூடியது.

கத்த மூச்சை இழுத்தான். பாதிக்கு மேல் வரவில்லை. மறுபடி இழுத்தான். நெஞ்சுக்குள் எங்கேயோ, மெல்லியதாக, ஒரு விசில். அவனுக்கு இழுப்பே கிடையாது. ஒரு நாள்கூடச் சளி என்று படுத்ததில்லை. அப்படித் தைலம் தேய்த்து, வெந்நீர் வைத்து வளர்த்த உடம்பு அது. இழுத்தான். தூசி. தைலம். விசில். கதவில் முதுகு சரிய, தரையில் உட்கார்ந்தான். எங்கே உட்கார்ந்தான் என்று அவனுக்குத் தெரியும். அவன் கதவைத் திறந்தபோது அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

திரை மட்டும் எரிந்தது.

வரிசை முழுக்கப் பச்சை. ஒன்றே ஒன்று நீலம். அவன் உண்டாக்காத காட்சி. தலைப்பு: 'பொடியன்'. பக்கத்தில் டிக்.

மௌஸ் அசைந்தது. திரையில் அம்பு இடது ஓரத்தை நோக்கி நகர்ந்தது. அவன் கை அதன் மேல் இல்லை.

என் கை இருந்தது.

இத்தனை நேரமும் இங்கேதான் உட்கார்ந்திருந்தேன், அவன் போட்ட நாற்காலியில். அவன் என்னைப் பார்த்தான். வாய் 'அக்கா' என்று அசைந்தது, காற்று வரவில்லை. கொஞ்ச நேரம்தான்டா, சத்தம் போடாதே என்றேன்.

டிக்கை எடுத்தேன்.

'பொடியன்' சாம்பலானது. கதவை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டுவது குறைந்தது.

வெளியே சாப்பாட்டு மேசையில் ஃபோன் அடித்தது. அடித்து நின்று, மறுபடி அடித்தது.

"அம்மா, இது யாரு ஃபோன்?"

அவன் மனைவி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தெரியலையேடா. யாராவது வெச்சிட்டுப் போயிருப்பாங்க."

மேசையில் இரண்டு தட்டுகள் இருந்தன. குழம்புப் பாத்திரத்தை வைக்க இடம் வேண்டுமென்று, ஃபோனை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.